கோடும் பொருளும்

கண்ணால் காண வேண்டிய ஒன்றைக் காதால் கேட்குமாறு சொல்ல இன்று முற்படுகிறேன். கணிப்பொறியைக் கொண்டு தொழில் வரைபடம் வரைவோர் பலவகைக் கோடுகளைக் கையாளுகின்றனர். அவை எவை, அவற்றை எங்ஙனம் வரைகின்றனர், ஒரு கோட்டுக்கும் மற்றொரு கோட்டுக்கும் வேறுபாடு எதற்கு என்பவற்றைப் பற்றியதே இப்பேச்சு. வானொலியில் கோடு கிழித்துக் காட்ட இயலாது. ஆதலின் நீங்கள் உங்கள் மனத்தையே வரைபலகையாகக் கொண்டு, நான் சொல்லச் சொல்ல வரைந்து வருமாறு வேண்டுகிறேன்.

நான் பொறியியல் பயின்றவன் அல்லன். கலைப்பட்டம் பெற்று, மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிபவன். தொழிற்பயிற்சி தொடர்பான ஏடுகளைத் தமிழாக்கும் பொறுப்பு அவ்வப்போது என் மேசைக்கு வரும். அவ்வேடுகளைப் புரிந்துகொள்ளும்பொருட்டு வரைபடத் தொழிலாளர் சிலரை அணுகிக் கேட்டேன். அவர்கள் வேலை செய்யும்போது அருகிருந்து பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஒன்று தெளிவாயிற்று. தொழில் வரைபடம் ஓர் ஓவியம் அன்று. அது ஒரு மொழி. கோடுகளே அம்மொழியின் சொற்கள். சொல் மாறினால் கருத்து மாறுவது போல, கோடு மாறினால் செய்யப்படும் பொருளே மாறிவிடும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். சதுரமான இரும்புத் தகடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கம் 100 மில்லிமீட்டர். கனம் 20 மில்லிமீட்டர். நட்டநடுவில் 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை ஒன்று இருக்கிறது. அதனை மேலிருந்து நோக்குகிறோம். தாளில் ஒரு சதுரத்தையும் அதனுள் ஒரு வட்டத்தையும் வரைய வேண்டும். இவை கண்ணுக்குத் தெரியும் விளிம்புகள். ஆகவே தடித்த தொடர்கோடுகளால் வரைகிறோம். வட்டத்தின் நடுவில் ஒன்றையொன்று குறுக்கிடும் இரண்டு மெல்லிய கோடுகளையும் இடுகிறோம். நீண்ட கீற்று ஒன்று, பிறகு ஒரு புள்ளி, மீண்டும் நீண்ட கீற்று என அவை செல்லும். இவற்றுக்கு மையக்கோடுகள் என்று பெயர். இரும்பில் இப்படி ஒரு கோடும் கிடையாது. துளையிடுபவர் தம் கருவியின் முனையை எங்கே ஊன்ற வேண்டும் என்பதை அறிவிக்கவே அவை தாளில் இருக்கின்றன.

இனி, அதே தகட்டை முன்னிருந்து நோக்குவோம். 100 மில்லிமீட்டர் நீளமும் 20 மில்லிமீட்டர் உயரமும் உள்ள செவ்வகம் தெரிகிறது. துளை தெரியவில்லை, அது இரும்பினுள்ளே மறைந்திருக்கிறது. ஆனால், தெரியாததையும் சொல்லியாக வேண்டுமே! அதற்காக, 40 மில்லிமீட்டர் இடைவெளியில், மேலிருந்து கீழாக இரு கோடுகளை விட்டுவிட்டு வரும் சிறு கீற்றுகளால் இடுகிறோம். இது துண்டுக்கோடு. துளை தகட்டை ஊடுருவிச் செல்வதாயின் இக்கோடுகள் மேல்விளிம்பிலிருந்து கீழ்விளிம்பு வரை செல்லும். பாதி ஆழமே உள்ள துளையாயின் பாதியிலேயே நின்றுவிடும்.

இந்தத் துண்டுக்கோடுகளைத் தொடர்கோடுகளாக வரைந்துவிட்டால் என்ன ஆகும்? உள்ளே மறைந்திருக்கும் துளையின் விளிம்புகள், முன்முகத்தில் வெளிப்படையாகத் தெரியும் விளிம்புகள் என்று பொருள்படும். முன்முகத்தில் ஒரு பள்ளம் வெட்ட வேண்டும் போலும் என்று பட்டறையில் இருப்பவர் கருதக்கூடும். வரைந்தவர் ஓரிடத்தில் இருப்பார்; வெட்டுபவர் வேறோரிடத்தில் இருப்பார். இருவருக்கும் இடையே தாள் ஒன்றுதான் தூது. எழுத்துப் பிழையை மை கொண்டு திருத்திவிடலாம். வெட்டி எறிந்த இரும்பை மீண்டும் ஒட்டவைப்பது எளிதன்று.

தொடர்கோடு, துண்டுக்கோடு, மையக்கோடு ஆகிய மூன்றோடு இம்மொழி முடிந்துவிடவில்லை. அளவைக் குறிக்க மெல்லிய அளவுக்கோடு உண்டு. அதன் இரு முனைகளிலும் அம்புக்குறி இருக்கும். பொருளை ஓரிடத்தில் வெட்டி உட்புறத்தைக் காட்ட விரும்பினால், வெட்டும் தளத்தை முனைகளில் மட்டும் தடித்த புள்ளிக்கீற்றுக் கோட்டால் குறிப்பர். வெட்டுப்பட்ட பரப்பை, பெரும்பாலும் 45 பாகைச் சாய்வில், மெல்லிய இணைகோடுகளால் நிரப்புவர். நீண்ட தண்டு ஒன்றை முழுவதும் வரைய இடமில்லையெனில், இடையில் முறித்துக் காட்ட ஓர் அலைக்கோடு போதும். ஒரு கதவோ நெம்புகோலோ நகர்ந்து எந்த எல்லை வரை செல்லும் என்பதைக் காட்ட, ஒரு கீற்றும் இரு புள்ளிகளுமாக மாறிமாறி வரும் கோடு பயன்படும்.

மொழிக்கு இலக்கணம் இருப்பது போல இதற்கும் இலக்கணம் உண்டு. உலக அளவில் ஐ.எஸ்.ஓ. 128 என்னும் தரவிதி உள்ளது. நம் நாட்டில் இந்தியத் தர நிறுவனம் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் உரிய பொறியியல் வரைபட விதிகளைத் தொகுத்து, எஸ்.பி. 46 என்ற நூலாக 1988ஆம் ஆண்டில் வெளியிட்டது. தடித்த கோடு, மெல்லிய கோட்டைப் போல் இரு மடங்கேனும் தடித்திருக்க வேண்டும் என்பது ஒரு விதி. இரு கோடுகள் ஒரே இடத்தில் விழுமாயின் எதற்கு முதலிடம் என்பதற்கும் விதி உண்டு. தெரியும் விளிம்பு முதலில், மறைந்த விளிம்பு அடுத்து, வெட்டுத்தளம் அதன்பின், மையக்கோடு அதற்கும் பின்.

கோட்டின் தடிமனைப் பற்றியும் சுவையான செய்தி ஒன்று உண்டு. 0.25, 0.35, 0.5, 0.7, 1 மில்லிமீட்டர் என்று அத்தடிமன்கள் வரிசையாக அமைந்துள்ளன. ஒவ்வொன்றும் முன்னதைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. ஏன் இந்தக் கணக்கு? ஏ3 தாளின் நீள அகலங்களை அதே 1.4 மடங்கு பெருக்கினால் ஏ2 தாள் கிடைக்கும். எனவே, சிறிய தாளில் 0.35 மில்லிமீட்டராக இருந்த கோடு, பெரிய தாளுக்குப் பெருக்கப்படும்போது 0.5 மில்லிமீட்டராகி, அங்கும் விதிக்கு உட்பட்ட கோடாகவே விளங்கும். தாளும் கோடும் ஒரே கணக்கில் வளர்கின்றன!

ஒரு காலத்தில் இக்கோடுகளையெல்லாம் கையாலேயே வரைந்தனர். சாய்ந்த பலகை, டி வடிவச் சட்டம், மூலைமட்டங்கள், மை ஊற்றிய கோட்டுப் பேனா ஆகியவை அவர்களுடைய கருவிகள். தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் பேனாவின் அலகுகளைத் திருகித் திருத்திக்கொள்வர். துண்டுக்கோட்டின் ஒவ்வொரு கீற்றையும் தனித்தனியே இடுவர். ஒரு கீற்றை இடும்போதே, இது மறைந்த விளிம்பு என்ற நினைவு கையோடு வந்தது. வேலை மெதுவாக நடந்தது என்பது மெய்யே. ஆனால் கைக்கும் கருத்துக்கும் இடையே வேறொன்றும் இல்லை.

1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் இவான் சதர்லாந்து என்னும் ஆராய்ச்சியாளர், ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற முறையை உருவாக்கித் தம் ஆய்வேட்டில் விளக்கினார். கணிப்பொறியின் திரையில் ஒளிப்பேனாவால் தொட்டு ஒரு புள்ளியைக் குறித்தால், அங்கிருந்து பேனா நகரும் திசையெல்லாம் கோடு ரப்பர் கயிறு போல் நீண்டு வரும். இரு கோடுகள் இணையாக இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டால், பொறியே அவற்றை இணையாக்கும். பிறகு, 1982ஆம் ஆண்டின் இறுதியில் ‘ஆட்டோகேட்’ என்னும் மென்பொருள் வெளிவந்தது. மேசைமேல் வைக்கத்தக்க சிறு கணிப்பொறிகளிலும் வரைபடம் வரைய வழி பிறந்தது. இன்று விலையின்றிக் கிடைக்கும் ‘லிப்ரேகேட்’, ‘ஃப்ரீகேட்’ போன்ற மென்பொருள்களும் உள்ளன.

இம்மென்பொருள்களில் கோடு எங்ஙனம் பிறக்கிறது? முதலாவது, ‘லைன்’ என்னும் எளிய கட்டளை. தொடக்கப் புள்ளியைச் சொல்ல வேண்டும்; முடிவுப் புள்ளியைச் சொல்ல வேண்டும். மவுஸ் கொண்டு சுட்டிக்காட்டலாம், எண்களாகவும் சொல்லலாம். இங்கிருந்து 100 அலகு தொலைவில், 30 பாகைச் சாய்வில் என்றாலும் பொறி புரிந்துகொள்ளும். ஆட்டோகேட்டின் இயல்பான வழக்கப்படி, வலப்புறம் நோக்கிய திசை சுழி பாகை; அங்கிருந்து இடஞ்சுழியாகப் பாகை கூடிக்கொண்டே போகும். நம் தகட்டின் சதுரத்தை வரைய, மூன்று பக்கங்களை இட்டபின், மூடுக என்று பொருள்படும் ஓர் எழுத்தைத் தட்டினால் நான்காம் பக்கம் தானே வந்து பொருந்தும்.

பொறியின் நினைவில் அந்தக் கோடு மை அன்று. இரு முனைகளின் எண்களே. திரையோ சிறு புள்ளிகளால் ஆனது. சாய்ந்த கோட்டை அங்கே காட்ட, எந்தெந்தப் புள்ளிகளை ஏற்ற வேண்டும் என்று கணக்கிட்டாக வேண்டும். புள்ளிபுள்ளியாக நகரும் வரைகருவி ஒன்றுக்காக, முழு எண்களைக் கூட்டியும் கழித்தும் இதனை விரைவில் முடிக்கும் வழியை, 1962ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஜாக் பிரெசன்ஹாம் வகுத்தார். திரைக்கும் அவ்வழி பொருந்திற்று.

இரண்டாவது, ‘பாலிலைன்’. ‘லைன்’ கட்டளையால் இட்ட சதுரத்தில் நான்கு பக்கங்களும் நான்கு தனிக் கோடுகள். ‘பாலிலைன்’ கொண்டு வரைந்த சதுரமோ ஒரே பொருள். ஓரிடத்தில் தொட்டால் முழுவதும் நகரும். அதன் பரப்பைக் கேட்டால் பொறி உடனே சொல்லும். தனிப்பூக்களுக்கும் தொடுத்த மாலைக்கும் உள்ள வேறுபாடு இது.

மூன்றாவது, ‘எக்ஸ்லைன்’. இதற்கு முனையே இல்லை. இருபுறமும் எல்லையின்றி நீள்வது. ஒருபுறம் மட்டும் எல்லையின்றி நீள்வது ‘ரே’, அதாவது கதிர். கட்டடம் எழுப்புமுன் கொத்தனார் நூல் கட்டுகிறார். மரம் அறுக்குமுன் தச்சர் நூலடித்துக்கொள்கிறார். அந்த நூல் கட்டடத்திலோ நாற்காலியிலோ இடம்பெறுவதில்லை. அதுபோலவே இவையும் வேலைக்குத் துணை நின்று, வேலை முடிந்ததும் விலகிவிட வேண்டிய கோடுகள்.

நான்காவது, ‘மல்டிலைன்’. இரண்டும் அதற்கு மேலும் இணைகோடுகளை ஒரே இழுப்பில் தருவது. 230 மில்லிமீட்டர் கனமுள்ள செங்கற்சுவரின் இருபுறங்களையும் இதனால் ஒருங்கே வரையலாம்.

ஐந்தாவது, ‘ஸ்பிளைன்’ என்னும் வளைகோடு. கோடுதல் என்றால் வளைதல் என்பது தமிழில் பழைய பொருள். அவ்வகையில் கோடு என்னும் பெயருக்கு இதுவே முற்றும் உரியது எனலாம். கப்பல் கட்டுவோர் மெல்லிய மரச்சட்டத்தை வளைத்து, ஆங்காங்கே கனமான குண்டுகளை வைத்து நிறுத்தி, அதனையொட்டி வளைவுகளை வரைந்தனர். அம்மரச்சட்டத்தின் பெயரே ஸ்பிளைன். பிற்காலத்தில் பிரான்சு நாட்டின் கார்த் தொழிற்சாலைகளில் இவ்வளைவுக்கலை கணக்காக உருப்பெற்றது. சித்ரோன் நிறுவனத்தில் பால் த காஸ்தல்ஜோ 1959ஆம் ஆண்டிலும், ரெனோ நிறுவனத்தில் பியர் பெஸியே 1960களிலும், ஒருவரையொருவர் சாராமல், சில புள்ளிகளைக் கொண்டே வளைவை ஆளும் முறையைக் கண்டனர்.

இதுவரை சொன்னவை கோட்டின் வடிவத்தைப் பற்றியன. அதன் பொருளை உணர்த்தும் தொடர்கோடு, துண்டுக்கோடு, மையக்கோடு ஆகிய வகைகளையும், தடிமனையும் தனித்தனியே தேர்ந்து கொடுக்க வேண்டும். இங்கேதான் இன்னல் தொடங்குகிறது. பொறி எந்தக் கோட்டையும் இடும். ஏன் இடுகிறோம் என்பதை அறியாது. துண்டுக்கோட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று புதிதாகப் பயில்பவர் நினைப்பார். ஆனால் அச்சிட்ட தாளில் அது தொடர்கோடாக வந்து நிற்பதுண்டு!

காரணம் எளியது. ஆட்டோகேட்டில் மெட்ரிக் அளவுக்குரிய துண்டுக்கோட்டின் கீற்று 6.35 அலகு நீளம், இடைவெளி 3.175 அலகு. கணிப்பொறியில் பொருளை அதன் மெய்யளவிலேயே வரைவது வழக்கம். 10 மீட்டர் நீளமுள்ள வீட்டை மில்லிமீட்டர்க் கணக்கில் வரைந்து, நூற்றில் ஒரு பங்காகச் சுருக்கி அச்சிடுவோமாயின், அந்த இடைவெளி 0.03 மில்லிமீட்டராகக் குறுகிவிடும். எந்தக் கண்ணும் அதனைக் காணாது. கீற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டித் தொடர்கோடாகிவிடும். நேர்மாறாக, 3 மில்லிமீட்டரே உள்ள சிறு உறுப்பை வரைந்தால், கோட்டைவிடக் கீற்றே நீளமாக இருப்பதால், அதுவும் தொடர்கோடாகவே தோன்றும். இதனைத் தவிர்க்க, கீற்றின் அளவைப் பெருக்கியோ சுருக்கியோ கொடுக்கும் கட்டளை ஒன்று உண்டு. அதனை மறந்தால், முன்னே சொன்ன துளை பள்ளமாகிவிடும்.

வேறு இரண்டு இடையூறுகளும் உண்டு. திரையில் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று வண்ணங்களால் கோடுகளைப் பிரித்துக் காண்கிறோம். வேலைத்தளத்துக்குச் செல்வதோ பெரும்பாலும் கறுப்பு வெள்ளை நகல். வண்ணத்தை மட்டும் நம்பி வகையையும் தடிமனையும் கொடுக்காமல் விட்ட கோடுகள் அங்கே ஒரே நிறத்தில், ஒரே தோற்றத்தில் போய்ச் சேரும். இனி, வரைபடத்தை நேரே லேசர் வெட்டுப்பொறிக்கு அனுப்பும் இடங்களும் பெருகிவருகின்றன. அங்கே ஐயம் கேட்டுத் தெளியும் தொழிலாளி கூட இடையில் இல்லை. ஒரே கோடு ஒன்றன்மேல் ஒன்றாக இருமுறை கிடந்தால், பொறி அவ்வழியே இருமுறை வெட்டும். இரு கோடுகளின் முனைகள் மயிரிழை விலகியிருந்தால், வடிவம் மூடப்படவில்லை என்று திகைத்து நிற்கும். முனையோடு முனையைத் தப்பாமல் பொருத்தும் வசதி மென்பொருளிலேயே உண்டு. அதனை எப்போதும் இயக்கத்தில் வைத்திருப்பது நல்ல பழக்கம்.

என் தொழிலைச் சார்ந்த செய்தி ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். ஐ.டி.ஐ. நிலையங்களில் டிராப்ட்ஸ்மேன் பிரிவில் சேரும் மாணவர் பலர் தாய்மொழியிலேயே பயின்று வருபவர்கள். கட்டளைகளின் ஆங்கிலப் பெயர்களை அவர்கள் விரைவில் பழகிக்கொள்வர். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கோட்டின் பொருளை விளக்கும் தமிழ் செம்மையாக இருக்க வேண்டும். துண்டுக்கோட்டின் ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, ‘மறைந்த கோடு’ என எழுதியிருந்த கையெழுத்துப்படி ஒன்றைக் கண்டேன். கோடு மறையவில்லை, அது கண்ணெதிரே இருக்கிறது. மறைந்தது விளிம்பு. ‘மறைவிளிம்புக் கோடு’ என்றால் மாணவர் தாமே தெளிவர். நூல் போலத் துணைநிற்கும் கோட்டை அப்படியில் ‘கட்டுமானக் கோடு’ என்றிருந்தனர். வீடு கட்டுவதற்கான கோடு போலும் என்று படிப்பவர் மயங்குவர். ‘துணைக்கோடு’ என்பது பொருந்தும். நகரும் உறுப்பின் எல்லையைக் காட்டும் கோடோ ‘பேய்க்கோடு’ ஆகியிருந்தது! ‘நகர்நிலைக் கோடு’ என்றால் அச்சமுமில்லை, ஐயமுமில்லை. பெயர் சரியாக அமைந்தால், எந்த இடத்தில் எந்தக் கோடு என்னும் விதியைத் தனியே மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை.

ஆகவே, இக்கலையைக் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இதுவே. கணிப்பொறியின் முன் மாணவரை அமர்த்துவதற்குமுன், ஒரு நாளேனும் பென்சிலும் தாளும் கொடுத்துத் துண்டுக்கோட்டைக் கீற்றுக் கீற்றாக இடச் செய்யுங்கள். ஒவ்வொரு கீற்றுக்கும், இங்கே மறைந்திருப்பது எது என்று கேளுங்கள். பிறகு கட்டளைகளைக் கற்பியுங்கள். அவை ஒரு வாரத்தில் வந்துவிடும்.

வரையும் இளைஞர்களுக்கும் ஒன்று சொல்வேன். திரையில் பார்த்து மனநிறைவு கொள்ள வேண்டாம். தாளில் அச்சிட்டு, அதனைக் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்து, கைந்நீட்டத்தில் பிடித்துப் பாருங்கள். நீங்கள் வரைந்தவர் என்பதை மறந்து, அத்தாளை முதன்முதலாகக் கையில் வாங்கும் கடைசல்காரராகவோ, வெல்டராகவோ, கொத்தனாராகவோ உங்களை எண்ணிக்கொள்ளுங்கள். தெரியும் விளிம்பு எது, மறைந்த விளிம்பு எது, மையம் எது என்பதை ஒருவரையும் கேளாமல் அவரால் சொல்ல முடியுமானால், உங்கள் வேலை முடிந்தது. அவர் ஓரிடத்தில் தயங்குவார் என்று தோன்றினால், தாளைக் கீழே வைத்துவிட்டு, மீண்டும் கணிப்பொறியின் முன் சென்று அமருங்கள். நீங்கள் அங்கே செலவிடும் ஐந்து நிமிடம், பட்டறையில் ஒருவருடைய ஒருநாள் உழைப்பைக் காக்கும்.